சென்னையிலிருந்து லடாக் ஏரிகளுக்குக் கூடாரப் பயணம்: குழுவாகச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னை கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லடாக்கின் த்ஸோ மோரிரி ஏரி 4,522 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்தப் பயணத்தின் திட்டம் முழுவதும் இவ்விரு எண்களுக்கு நடுவில்தான் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான குழுக்கள் பார்க்க விரும்பும் இடங்களை முதலில் பட்டியலிட்டு, அவற்றை நாட்களுக்குள் திணிக்கப் பார்க்கின்றன. எந்த இரவு எந்த உயரத்தில் உறங்கப் போகிறோம் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இடங்களை அதற்குப் பின்னால் நிரப்புவதே சரியான முறை. வண்டி, சமையல், மருந்து, ரயில் டிக்கெட் ஆகிய எல்லாமே அந்தத் தாளிலிருந்துதான் முடிவாக வேண்டும். பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று தரைவழியாகவே ஸ்ரீநகர் போய், கார்கில், லே வழியாக ஏரிகளை அடைந்து, மணாலி வழியாகத் திரும்புவதாக வைத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

காலமும் பாதையும்

சென்னைக் குடும்பங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில்தான் நீண்ட விடுமுறை கிடைக்கிறது. ஆனால் அந்த மாதங்களில் மணாலி–லே சாலை பெரும்பாலும் பனியில் மூடியிருக்கும், அல்லது அப்போதுதான் திறந்து அரைகுறையாக இருக்கும். ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு சாலை நம்பத்தக்கதாகிறது. ஜூலை, ஆகஸ்டில் லடாக் வறண்டே இருந்தாலும், திரும்பி வரும் வழியில் உள்ள குல்லு, மண்டி மலைச்சரிவுகள் பருவமழையில் சரிந்து விழுகின்றன. 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருக்கெடுத்தபோது அந்தச் சாலை பல இடங்களில் ஆற்றோடு போயிற்று. பள்ளிப் பிள்ளைகள் உள்ள குழுவுக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறை பொருந்தும் என்று தோன்றும். செப்டம்பர் கடைசியில் வானம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஏரிக்கரையில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். பெரியவர்கள் மட்டும் செல்வதானால் செப்டம்பர் முதல் பாதியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

லேக்கு இரண்டு சாலைகள் உண்டு. மணாலி வழியாகப் போனால் கேலாங், ஜிஸ்பாவைத் தாண்டிய ஒரே நாளில் பாராலாச்சா கணவாயைக் கடந்து, 4,290 மீட்டர் உயரத்திலுள்ள சர்ச்சுவிலோ அதைவிட உயரமான பாங்கிலோ இரவு தங்க நேரும். கடலோரத்திலிருந்து வருகிறவர்களின் உடல் அதற்குத் தயாராக இருக்காது. ஸ்ரீநகர் வழி அப்படியில்லை. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், சோனமார்க் சுமார் 2,700 மீட்டர், கார்கில் 2,676 மீட்டர், லாமாயுரு சுமார் 3,500 மீட்டர் என்று படிப்படியாக ஏறுகிறது. இடையில் சோஜி லா (3,528 மீட்டர்), நமிகா லா (3,700 மீட்டர்), ஃபோட்டு லா (4,108 மீட்டர்) என்ற கணவாய்களைப் பகலில் தாண்டினாலும், இரவில் அவற்றைவிடத் தாழ்வான இடத்திலேயே உறங்குகிறோம். ஆகவே ஏறுவதற்கு ஸ்ரீநகர் வழி, இறங்குவதற்கு மணாலி வழி என்பதை விட்டுக்கொடுக்க வேண்டாம். காஷ்மீரில் அந்தந்த நேரத்துப் பாதுகாப்பு அறிவிப்புகளைப் புறப்படும் முன்பும், ஸ்ரீநகர் அடைந்த பின்பும் பார்த்துக்கொள்வது அவசியம்.

மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு இது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், உறங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். அதன்படி இரவுகளை இவ்வாறு அமைக்கலாம். ஸ்ரீநகரில் ஓர் இரவு, சோனமார்க்கில் ஓர் இரவு, கார்கிலில் ஓர் இரவு, லாமாயுருவில் ஓர் இரவு, லேயில் இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. லேயும் 3,500 மீட்டர்தான் என்பதால் அங்கே தங்கும் நாட்கள் உடலுக்கு ஓய்வாக அமையும். லேயிலிருந்து நேராக த்ஸோ மோரிரிக்குப் போய்விடலாம் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். ஒரே நாளில் போகக்கூடிய தூரம்தான். ஆனால் அது ஒரே இரவில் ஆயிரம் மீட்டர் ஏற்றம். சிந்து நதிக்கரையில் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், வெந்நீர் ஊற்றுகள் உள்ள சுமதாங் என்ற ஊரில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் ஏரிக்கரைக் கிராமமான கோர்ஸோக்குக்குப் போனால் கணக்குச் சரியாக வருகிறது. கோர்ஸோக்கில் இரண்டு இரவு, த்ஸோ கார் ஏரியில் (4,530 மீட்டர்) ஓர் இரவு, அங்கிருந்து ஒரே நீண்ட பகலில் கணவாய்களைத் தாண்டி 3,200 மீட்டரிலுள்ள ஜிஸ்பாவுக்கு இறக்கம், அதன்பின் மணாலி.

பாங்காங் ஏரி இந்தத் திட்டத்தில் இல்லை. அதைச் சேர்த்தால் மேலும் இரண்டு நாள் வேண்டும், மேலும் ஓர் உயர்ந்த கணவாய் வேண்டும், அங்கே கரையோரம் இப்போது கூட்டமும் அதிகம். அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் த்ஸோ காரை விட்டுவிட வேண்டியிருக்கும். இரண்டையும் அவசரமாகப் பார்ப்பதைவிட ஒன்றை நின்று பார்ப்பது மேல்.

புறப்படுவதற்கு முன்

சென்னை சென்ட்ரலிலிருந்து கட்ரா வரை அந்தமான் எக்ஸ்பிரஸ் வாரத்தில் சில நாட்கள் ஓடுகிறது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ரயில் செனாப் பாலத்தின் வழியாகப் போகிறது. ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் பாலத்தைக் கடப்பது இந்தப் பயணத்தின் தனிச்சிறப்பு என்றே சொல்வேன். முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்புதான் திறக்கும் என்பதால், பன்னிரண்டு பேருக்கும் ஒரே பெட்டியில் இடம் வேண்டுமானால் திறக்கும் நாளன்றே எடுத்துவிட வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் அடங்குவர் என்பதையும் நினைவில் கொள்ளவும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒருவருக்கு 40 கிலோ சுமை இலவசம். கூடாரம், பாத்திரம் எல்லாம் இதற்குள் தாராளமாக அடங்கும். எரிவாயு சிலிண்டர், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் ரயிலில் ஏற்றக்கூடாது. ரயில்வே சட்டப்படி அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அடுப்பை மட்டும் கொண்டுபோய், 5 கிலோ சிறிய சிலிண்டர்களை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

சொந்தக் காரிலேயே சென்னையிலிருந்து போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம், ஆனால் போவதற்கும் வருவதற்குமாகச் சமவெளியிலேயே ஏறக்குறைய பத்து நாள் கரைந்துவிடும், ஓட்டியவர் களைத்துப்போன நிலையில் மலையேறத் தொடங்குவார். அங்கே போய் வண்டி அமர்த்துவதே புத்திசாலித்தனம். இதில் ஒரு சிக்கலை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்: வெளி மாநில வாடகை வண்டிகள் லே வரை கொண்டுவந்து விடலாமே தவிர, அங்கிருந்து ஏரிகளுக்கு அழைத்துப்போக உள்ளூர் டாக்சி சங்கம் அனுமதிப்பதில்லை. ஆகவே ஸ்ரீநகரிலிருந்து லே வரை காஷ்மீர் வண்டி, லேயிலிருந்து ஏரிகள் வழியாக மணாலி வரை லே பதிவெண் கொண்ட வண்டி என்று பிரித்துப் பேச வேண்டும். லே சங்கம் ஆண்டுதோறும் கட்டணப் பட்டியல் வெளியிடுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

பன்னிரண்டு பேருக்கு ஒரு டெம்போ டிராவலர் போதும், செலவும் குறைவு. இருந்தாலும் லேக்கு அப்பால் இரண்டு சிறிய வண்டிகளையே எடுக்கச் சொல்வேன். ஒருவருக்கு உடல் சரியில்லாமல் போனால் ஒரு வண்டி அவரையும் துணைக்கு ஒருவரையும் ஏற்றிக்கொண்டு உடனே கீழே இறங்கலாம். மற்றவர்கள் பரிதவித்து நிற்க வேண்டியதில்லை. முக்கியமாக, தம்மால் பன்னிரண்டு பேரின் பயணமும் கெட்டுவிடுமே என்ற தயக்கத்தில் தலைவலியை மறைப்பவர், தனி வண்டி இருக்கிறது என்று தெரிந்தால் வாய் திறப்பார்.

த்ஸோ மோரிரி எல்லைக்கு அருகிலுள்ள பகுதி என்பதால் லே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, சுற்றுச்சூழல் கட்டணம் செலுத்திய ரசீதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இந்த விதிகள் அவ்வப்போது மாறுவதால் போகும் மாதத்தில் மீண்டும் பார்க்கவும். ரசீதை ஐந்தாறு நகல் எடுத்து ஓட்டுநரிடமும் கொடுத்து வைக்கவும். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. குழுவில் நான்கு பேரிடமாவது போஸ்ட்பெய்டு எண், அதுவும் பி.எஸ்.என்.எல்., ஜியோ என்று கலந்து இருப்பது நல்லது. அமெரிக்காவிலிருக்கும் உறவினர் அனுப்பிய செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். உரிய அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம், எல்லைப் பகுதியில் பிடிபட்டால் விளக்கம் சொல்லி மாளாது. லேயைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது, சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐயும் இல்லை. பொதுப்பணம் முழுவதையும் லேயிலேயே ரொக்கமாக எடுத்து, இருவரிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

குழுவினர் அனைவரும் ஒருமுறை கூடாரத்தில் சேர்ந்து தங்கிப் பழகாமல் புறப்படக்கூடாது. ஏலகிரியில் தனியார் தோட்டத்தில் அனுமதி பெற்று ஒரு சனி, ஞாயிறு தங்கலாம். வனத்துறை நிலத்தில் அனுமதியின்றிக் கூடாரம் போடும் எண்ணமே வேண்டாம். 2018இல் குரங்கணி மலைத் தீயில் உயிரிழந்தவர்களில் சென்னையிலிருந்து போனவர்கள் பலர். இரவு யார் குறட்டை விடுகிறார், யாருக்குக் காலையில் வெந்நீர் இல்லாமல் ஆகாது, யார் பாத்திரம் கழுவும்போது மட்டும் காணாமல் போகிறார் என்பதெல்லாம் அந்த ஒரே இரவில் தெரிந்துவிடும்.

கூடாரம் அமைக்கும் பயிற்சிக்கு ஏலகிரியைவிட நம் மொட்டை மாடி உகந்தது. காரணம், மாடித் தளத்தில் முளை அடிக்க முடியாது; லடாக்கின் சரளைக்கல் தரையிலும் முளை இறங்காது. மாடியில் செங்கல்லை வைத்துப் பழகுங்கள். கயிற்றின் நுனியில் சுருக்குப் போட்டு அதைக் கையளவுக் கல் ஒன்றில் மாட்டித் தரையில் வைத்து, அந்தக் கல்லுக்கும் கூடாரத்துக்கும் இடையில் கயிற்றின் மேல் ஒரு பெரிய கல்லைத் தூக்கி வைக்க வேண்டும். காற்று இழுக்கும்போது சிறிய கல் பெரிய கல்லின் மேல் போய் முட்டி இறுகிக்கொள்ளும். வெறுமனே பெரிய கல்லில் கயிற்றைச் சுற்றிக் கட்டினால் கல்லின் கூர்விளிம்பு கயிற்றை அறுத்துவிடும். இதை ஒவ்வொருவரும் கையுறை போட்டுக்கொண்டே செய்து பார்க்க வேண்டும். முளைக்கயிறுகளை அதிகமாகவும், தார்ப்பாயைத் தடிமனாகவும் பாரிமுனையில் வாங்கிக்கொள்ளலாம்.

கூடாரம் இரட்டைச் சுவர் கொண்டதாக, தரை வரை இறங்கும் மேலுறையோடு இருக்க வேண்டும். உறங்கும் பையில் எழுதியிருக்கும் இரண்டு மூன்று வெப்பநிலைகளில், சுகமாக உறங்கக்கூடியது என்று குறிப்பிட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது மைனஸ் 5 பாகையாவது இருக்கட்டும், செப்டம்பர் என்றால் மைனஸ் 10. பைக்கு அடியில் விரிக்கும் பாயில் சிக்கனம் காட்டுவது தவறு. குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து அதிகம் ஏறுகிறது. யோகா பாய் ஒன்றை விரித்துப் படுத்தவர் விடியும் வரை புரண்டுகொண்டே இருப்பார்.

உயரமும் உடலும்

ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், மெரினாவில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். தினமும் கடற்கரையில் ஓடுபவருக்கும், படியேறவே மூச்சு வாங்குபவருக்கும் இதில் வேறுபாடு இல்லை. உடற்பயிற்சி களைப்பைக் குறைக்குமே தவிர உயர நோயைத் தடுக்காது. சொல்லப்போனால் திடகாத்திரமான இளைஞர்கள்தான் முதல் நாளே ஓடியாடி மாட்டிக்கொள்கிறார்கள். இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் பெயரே கொடுக்கக்கூடாது.

தலைவலியோடு குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் அதை உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு, அன்று மேற்கொண்டு ஏறாமல் நின்றுவிட வேண்டும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால், இருமலோடு நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். பேச்சுக் குழறினால், குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால், மூளை வீங்குகிறது என்று பொருள். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் நள்ளிரவானாலும் இறங்க வேண்டும்; ஆக்சிஜனும் மருந்தும் இறங்கும் வரை தாக்குப்பிடிக்கத்தான். கடைகளில் விற்கும் ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்கு மேல் வராது. லேயில் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து வண்டியில் வைத்திருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 4,500 மீட்டரில் எண்பதுகளில் காட்டுவது இயல்புதான். அந்த எண்ணைப் பார்த்து ஆளாளுக்குப் பதறுவதைவிட முகத்தையும் நடையையும் பார்ப்பது பயன்தரும்.

தடுப்புக்காக அசிட்டசோலமைடு மாத்திரையை, பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும் என்று மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். விரல் நுனிகள் சுருசுருவென்று இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். இரவில் கூடாரத்தை விட்டு வெளியே போகச் சோம்பிப் பெண்களும் வயதானவர்களும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள், அதைக் கவனிக்க வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் இந்த நாட்களில் கூடவே கூடாது.

குழுத் தலைவருக்குள்ள முதல் வேலை, காலையிலும் மாலையிலும் ஒவ்வொருவரையும் தனியாக விசாரிப்பது. எல்லாரும் கூடியிருக்கும்போது "யாருக்காவது தலைவலி இருக்கா?" என்று கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார். தனியே கூப்பிட்டு, ராத்திரி தூங்கினாயா, காலையில் என்ன சாப்பிட்டாய், எத்தனை முறை வெளியே போனாய் என்று கேட்க வேண்டும். "ஒண்ணுமில்லண்ணா, சும்மா ஜலதோஷம்தான்" என்று சொல்லிக்கொண்டே இட்டிலிப்பொடி தடவிய ரொட்டியை ஓரமாக ஒதுக்கி வைக்கும் தம்பிதான் அன்றைக்குக் கவனிக்கப்பட வேண்டியவர்.

இந்தப் பாதையில் ஒரு பொறி இருப்பதை நிலப்படத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். த்ஸோ கார் ஏரியைச் சுற்றி எந்தப் பக்கம் போவதானாலும் முதலில் ஏறித்தான் இறங்க முடியும். லே பக்கம் தக்லங் லா 5,328 மீட்டர். மணாலி பக்கம் லாச்சுங் லா ஏறக்குறைய 5,060 மீட்டர். வந்த வழியே சிந்துவுக்குத் திரும்பினால் பொலோகோங்கா லா ஏறக்குறைய 4,940 மீட்டர். அதாவது, அங்கே நோயுற்றவரைக் காப்பாற்ற அவரை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே முடிவு கோர்ஸோக்கிலேயே, இரண்டாம் நாள் மாலையிலேயே எடுக்கப்பட வேண்டும். அன்று யாருக்கேனும் சந்தேகம் இருந்தால், ஒரு வண்டி அவரோடு மாஹே வழியாகச் சுமதாங்குக்கும், தேவையானால் லேயிலுள்ள சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்கும் திரும்பட்டும். கோர்ஸோக்கிலிருந்து வெளியேறும் வழியிலும் ஒரு சிறு கணவாய் உண்டு, ஆனால் அதற்குப் பிறகு சாலை இறங்கிக்கொண்டே போகிறது. மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, எல்லாருமாக த்ஸோ காருக்குக் கிளம்பிவிடக்கூடாது.

அடுப்பும் தண்ணீரும்

ஏரிக்கரையில் தண்ணீர் ஏறக்குறைய 85 பாகையிலேயே கொதித்துவிடும். அந்தக் கொதிப்பில் திறந்த பாத்திரத்தில் அரிசி எவ்வளவு நேரம் கிடந்தாலும் நடுவில் விதை மாதிரி நிற்கும்; துவரம்பருப்பு வேகவே வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் தமிழ்ச் சாப்பாடு அங்கே கிடையாது. குக்கரிலும் உள்வெப்பம் நம் ஊரில் ஏறும் அளவுக்கு ஏறுவதில்லை என்பதால் விசில் எண்ணிக்கையை மறந்துவிட்டு நிமிடக் கணக்கு வைக்க வேண்டும். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, சென்னையில் வைக்கும் நேரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வைத்தால் சரியாக வரும். ரப்பர் வளையம் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளவும். பருப்பு வேண்டுமானால் பாசிப்பருப்பு. மற்றபடி ரவை, அவல், சேமியா, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், வறுத்த அப்பளம் ஆகியவற்றால் ஆறு நாளையும் ஓட்டிவிடலாம். டீ மட்டும் அங்கே நெடுநேரம் கொதிக்கவிடாமல் சாயம் இறங்காது. ஃபில்டர் காபிக்கு அந்த வெந்நீரே பொருத்தம். டிகாக்‌ஷன் நன்றாகவே இறங்குகிறது, ஃபில்டரைச் சுமந்து போனவர்களுக்கு இது ஒரு நியாயமான பரிசு.

பாலிதீன் பாக்கெட்டில் அடைத்த பொடியும் ஊறுகாயும் உயரம் ஏற ஏறப் பலூனாக உப்பி, கணவாயின் உச்சியில் பைக்குள் வெடித்துவிடும். திருகுமூடியுள்ள டப்பாவில் அடைத்து, லேயில் ஒருமுறை மூடியைத் திறந்து மூடிவிட்டால் போதும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் தாளிக்க நல்லெண்ணெய் எடுத்துப் போகவும்.

கூடாரத்துக்குள் அடுப்பை மூட்டக்கூடாது. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று மூடிய கூடாரத்தில் அடுப்போ கரியோ எரித்தால் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளை வீழ்த்திவிடும். இதில் விதிவிலக்கே இல்லை. காற்றைத் தடுக்க வண்டியை மறைப்பாக நிறுத்தி, இரண்டு பக்கம் தார்ப்பாய் கட்டிச் சமைக்கலாம். இந்த ஏரிகள் இருக்கும் சாங்தாங் பீடபூமியில் நண்பகலுக்குப் பின் காற்று வலுக்கும் என்பதால் கூடாரத்தை இரண்டு மணிக்குள் அமைத்து, இரவுச் சமையலையும் வெளிச்சத்திலேயே முடித்துவிட வேண்டும். மீந்த சாப்பாட்டை வெளியே விடக்கூடாது. முகாம்களைச் சுற்றிக் கூட்டமாகத் திரியும் நாய்கள் அங்கே பெருந்தொல்லை, பறவைக் குஞ்சுகளுக்கும் அவற்றால் ஆபத்து.

த்ஸோ மோரிரி நீரும் த்ஸோ கார் நீரும் உப்பு. வழியிலுள்ள பூகா பள்ளத்தாக்கின் ஊற்றுகள் கந்தகம் கலந்தவை. ஆகவே கோர்ஸோக்கில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் த்ஸோ காருக்குப் போக வேண்டும். குடிக்க ஆளுக்கு நான்கு லிட்டர், சமையலுக்கும் கழுவவும் சேர்த்து, பன்னிரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் கேன் நான்கு.

கரையில் நடந்துகொள்ளும் முறை

த்ஸோ மோரிரி 2002இலும் த்ஸோ கார் 2020இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. தண்ணீரோரத்தில் கூடாரம் போட முடியாது, போடவும் கூடாது. கிராமத்தில் கேட்டு அவர்கள் காட்டும் இடத்தில், உரிய கட்டணம் கொடுத்து அமைக்க வேண்டும். கண்ணுக்குப் பொட்டலாகத் தெரியும் புல்வெளி சாங்பா மேய்ப்பர்களின் ஆடுகளுக்கு மேய்ச்சல் நிலம். "ஜூலே" என்று வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் இடம் கிடைப்பது எளிது. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மார்கழி, தை மாதங்களில் நாம் பார்க்கும் பட்டைத்தலை வாத்துகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது இத்தகைய உயர்மலை ஏரிகளில்தான். த்ஸோ மோரிரி அவற்றில் முக்கியமானது. த்ஸோ காரில் கருங்கழுத்துக் கொக்குகளையும் கியாங் என்னும் காட்டுக் கழுதைகளையும் பார்க்கலாம். நல்ல தொலைநோக்கி ஒன்று போதும். அருகே போய்ப் படமெடுக்க வண்டியைக் கரைக்கு இறக்கச் சொல்லாதீர்கள். வெள்ளையாக உப்புப் பூத்துக் கெட்டியாகத் தெரியும் அந்தத் தரைக்கு அடியில் சேறுதான் இருக்கிறது, சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். கழிவறைக்குக் கிராமத்து உலர் கழிவறையைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். ஈரத் துடைப்பான், நாப்கின், பிளாஸ்டிக் அனைத்தையும் இரட்டைப் பையில் கட்டி மணாலி வரை திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

இறக்கம்

த்ஸோ காரிலிருந்து விடிவதற்கு முன் புறப்பட வேண்டும். மோரே சமவெளி, பாங், லாச்சுங் லா, நகீ லா, இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கட்டா லூப்ஸ், சர்ச்சு, பாராலாச்சா என்று நீளும் அந்தப் பகலில், பாராலாச்சாவுக்குப் பின் வரும் ஓடைகளைக் கூடியமட்டும் பிற்பகல் முற்றுவதற்கு முன் கடந்துவிட முயல வேண்டும்; வெயில் ஏற ஏறப் பனி உருகிச் சாலையின் மேல் ஓடும் தண்ணீர் பெருகிக்கொண்டே போகும். நேரம் தப்பினால் சர்ச்சுவில் தங்கிவிடலாம், அதற்குள் உடல் அந்த உயரத்துக்குப் பழகியிருக்கும். எரிபொருளை லேயிலோ அதற்கு அருகிலுள்ள காரு என்ற ஊரிலோ முழுதாக நிரப்பி, ஏரிகளுக்குப் போகும் சுற்றுக்கும் சேர்த்துக் கூடுதல் கேனில் எடுத்துக்கொள்ள ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். அதன்பின் நம்பக்கூடிய பங்க் கேலாங்குக்கு அப்பால் தாண்டி என்ற ஊரில்தான் வருகிறது. ஜிஸ்பாவில் பாகா ஆற்றங்கரையில் போடும் கூடாரம்தான் பயணத்திலேயே நல்ல தூக்கம் தருவது. அங்கிருந்து மணாலிக்கு 2020 அக்டோபரில் திறந்த, 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை வழியாகப் போவதால் ரோத்தங் கணவாயில் ஏற வேண்டியதும் இல்லை, அதற்கான தனி அனுமதியும் வேண்டியதில்லை.

மணாலியிலிருந்து டெல்லிக்குப் பேருந்து, டெல்லியிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். மண்டி அருகே மண் சரிந்தால் ஒரு நாள் முழுவதும் சாலையில் நிற்க நேரும் என்பதால், டெல்லி ரயிலுக்கு முன் இரண்டு நாட்களைக் காலியாக வைத்து டிக்கெட் எடுங்கள். அலுவலகத்தில் விடுப்பு கேட்கும்போதே அந்த இரண்டு நாளையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது. பொதுக்கணக்கை ரயிலிலேயே முடித்துவிடலாம், சென்னை சேர்ந்தபின் பன்னிரண்டு பேரையும் ஓரிடத்தில் கூட்டுவது நடக்காத காரியம். கூடாரங்களையும் உறங்கும் பைகளையும் வந்த அன்றே பிரித்து நிழலில் காயவைத்து, தளர்வாக மடித்து வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு கட்டி வைத்தவை ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.